காரில் மட்டும் பேசுகிறாள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளி விட்டு வந்ததும் என் மனைவி கயலைப் பூதலூரிலிருந்து பேச்சுப் பயிற்சிக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போனேன். ஆலக்குடி தாண்டும்போது கார் ரேடியோவில் அறிவிப்பாளர் "நேயர்களே, வணக்கம்" என்றார். "வணக்கம்" என்றாள் கயல். தெளிவாக.

பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு சொல் இல்லை. காரில் மட்டும் ரேடியோவுக்குப் பதில் சொல்கிறாள். வீட்டிலும் ரேடியோ வைத்துப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊராட்சிச் செயலராக நாள் முழுக்க ஊரோடு வாதாடியவள்.

பயிற்சி தரும் தஹ்மீனாவிடம் சொன்னேன். "அதை விட்டுறாதீங்க சார். யாரோ தன்கிட்ட பேசுறாங்கன்னு தோணுது, அதான் பதில் வருது."

ஆனால் ஏசி ஓடாத பழைய வண்டி. கண்ணாடியை இறக்கினால் லாரி இரைச்சலில் குரல் அமுங்கிவிடுகிறது. கயல் குனிந்து குனிந்து கேட்கிறாள். நன்றாகக் கேட்டால் இன்னும் பேசுவாள் அல்லவா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சித்தீக் பாயின் கார் ஆடியோ கடையில், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் மாட்டியாயிற்று. சீட்டுக்கு அடியில் பெட்டி, பின்னால் புது ஸ்பீக்கர்கள். பென் டிரைவில் பாட்டுப் போட்டுக் காட்டினார். கதவே அதிர்ந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரேடியோ எடுக்கவில்லை. வெறும் இரைச்சல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் விசில் மாதிரி ஏறுகிறது. கயல் இடது கையால் ரேடியோவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? இருந்ததையும் கெடுத்துட்டேனா?

ஆகஸ்ட் 20, புதன்

சித்தீக் பாய்: "பூதலூர்ப் பக்கம் சிக்னலே வீக்கு சார். ஆம்ப்ல கோளாறு இல்ல."

"போன வாரம் அதே ரோட்டுல வந்துச்சே பாய்?"

"பென் டிரைவ்ல பாட்டுக் கேளுங்க சார், சூப்பரா இருக்கும்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

பென் டிரைவ் போட்டேன். எல்லாம் அவளுக்குப் பிடித்த பாட்டுகள். வாய் திறக்கவில்லை. பயிற்சியிலும் மௌனம். தஹ்மீனா முகம் வாடிவிட்டது. "முன்னேறிட்டு இருந்தாங்களே சார்…"

கயலின் தம்பி நெடுமாறன் போனில் சொல்கிறான்: "எல்லாத்தையும் கழட்டி எறிங்க மாமா."

எறியலாம். பழையபடி குனிந்து கேட்பாள், பாதிச் சொல் லாரியோடு போகும். இல்லை. இதைச் சரிபண்ணாமல் விடுவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நான் வணிகவியல் வாத்தியார். ஒயரைக் கண்டாலே பயம். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

முன்கதவு ஸ்பீக்கர்கள் ரேடியோவிலிருந்து நேரே ஓடுகின்றன. பின்னால் இருப்பவை மட்டும்தான் ஆம்ப்ளிஃபயரில். அதன் ஃபியூஸைப் பிடுங்கினேன் — முன்பக்கம் நிலையம் தெளிவாக வந்தது! திரும்பச் செருகினேன், இரைச்சல். பிடுங்கினேன், தெளிவு. சிக்னலாவது வீக்காவது!

ஆகஸ்ட் 25, திங்கள்

அதையே சித்தீக் பாய் கடை வாசலில் செய்து காட்டினேன். அவரே ஒருமுறை ஃபியூஸைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். பிறகு வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கினார். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகும் ஒயரும் ரேடியோவின் ஏரியல் ஒயரும் ஒரே கட்டாகக் கிடந்தன.

"அவசரத்துல ஒண்ணா கட்டிட்டேன் சார். அதுல உள்ள இரைச்சல் இதுல ஏறுது." பிரித்து, கரண்ட் ஒயரை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோனார். ரேடியோ வந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தஞ்சாவூருக்குள் ரேடியோ சுத்தமாக வந்தது. ஆலக்குடிக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர் வழியில், மறுபடி 'உஸ்'. குரல் வருகிறது, அறுந்துபோகிறது. கயல் உதடு அசைந்தது. சொல் வரவில்லை.

விடமாட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சீட்டையே கழற்றிவிட்டேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயர் பெயின்ட் அடித்த தகட்டின்மேல் முடுக்கியிருந்தது. அதைப் படமெடுத்துச் சித்தீக் பாய்க்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அதான் சார்! பெயின்ட்டைச் சுரண்டிட்டு வெறும் தகட்டுல முடுக்குங்க. வரணும்னா நானே வர்றேன்."

"வேணாம் பாய், நானே பாத்துக்கறேன்."

உப்புத்தாளால் தேய்த்தேன். தகடு பளபளத்தது, விரல் தோல் போனது. சீட்டைப் பூட்டிக் கல்லணைக் கால்வாய்க் கரையோடு தனியாக ஓட்டிப் பார்த்தேன். போன இடமெல்லாம் குரல் கணீரென்று வந்தது. யாரும் இல்லாத இடத்தில் நிறுத்திச் சத்தமாகச் சிரித்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

"நேயர்களே, வணக்கம்." வண்டி முழுக்க நிறைந்த குரல். கயல் பதில் சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் கூட்டினேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க… சத்தம்… கொறைங்க."

என்னிடம். ரேடியோவிடம் இல்லை, என்னிடம்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். கண் தெரியாமல் எப்படி ஓட்டுவது?

செப்டம்பர் 5, வெள்ளி

தஹ்மீனா சிரிக்கிறாள். "இனிமே திட்டும் விழும் சார், தயாரா இருங்க."

செப்டம்பர் 30, செவ்வாய்

வழி நெடுகக் குறுவை நெல் ரோட்டில் காய்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பியதுமே கயலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மழை… நெல்லு… தார்ப்பாய். ஆபீஸ்ல இருக்கு. சொல்லுங்க."

"யார்கிட்ட?"

பெயர் வரவில்லை. ஏதேதோ பெயர் சொன்னாள், இல்லை இல்லையென்று தலையை ஆட்டினாள், என்மேல் எரிந்து விழுந்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆலக்குடி ரயில்வே கேட் அருகே கத்தினாள்: "ரெத்தினம்!"

ஊராட்சித் தலைவர். போன் போட்டுக் கையில் கொடுத்தேன். திக்கித் திக்கி அவளே சொன்னாள். அந்தப் பக்கம் ரெத்தினம், "அம்மா, நீங்களா பேசுறீங்க?" என்றார். பிறகு, "இதோ எடுத்துட்டுப் போறேம்மா" என்றார்.

அதன்பிறகும் அவள் ஓயவில்லை. எந்தத் தெரு நெல், யார் வீட்டு நெல், முதலில் எதை மூட வேண்டும் — எல்லாம் என்னிடம். தஞ்சாவூர் வந்து சேரும்வரை ரேடியோவைப் போட எங்கள் இருவருக்குமே நினைவில்லை.