கார்டு யார் பேரில்

பிப்ரவரி 6, செவ்வாய்

கருத்தடை மாத்திரை அட்டையில் இன்னும் பதினாறு. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆறு அட்டைகளில் இதுதான் கடைசி.

வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக்கடையில் ஏறி, காலி அட்டை ஒன்றைக் காட்டினேன். கடைக்காரர் நம் பாஷைக்காரர்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாதும்மா. இங்க அப்படித்தான்." ஊரில் தலைவலி மாத்திரை மாதிரி வாங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரரை ஒரு தடவை வந்து பேசச் சொல்லுங்களேன்."

எனக்குப் பின்னால் நின்றவர் ஆணுறைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் யாரும் பெண்டாட்டியைக் கூட்டிவரச் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம், பாக்கலாம்" என்றார். பதினோரு வருஷத்தில் இவருடைய பாக்கலாம் எத்தனை வகை என்று எனக்கு அத்துப்படி. இது பார்க்கப்போகாத பாக்கலாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். முன்மேசைப் பெண் தமிழ் பேசினாள். அதுவே பாதி தெம்பு.

"இன்சூரன்ஸ் கார்டு யார் பேர்ல இருக்குக்கா?"

"அவர் பேர்ல. கம்பெனி கொடுத்தது."

"அப்ப நீங்க டிபென்டன்ட். பிரச்சனை இல்ல. கல்யாணப் பத்திரம் காப்பி ஒண்ணு கொண்டு வாங்க. நேரம் புக் பண்ணதும் சாருக்கு மெசேஜ் போகும்."

"எனக்கு வராதா?"

"கார்டு யார் பேர்லயோ அவங்களுக்குத்தான் வரும்."

இருபதாம் தேதி, மாலை நாலரை. மாத்திரை இருபத்திரண்டு வரை தாங்கும். கணக்கு சரியாக இருக்கிறது.

கல்யாணப் பத்திரம் எதற்கு? கல்யாணம் ஆகவில்லை என்றால் பிள்ளை பிறக்காதா?

பிப்ரவரி 12, திங்கள்

எங்கள் லேபில் பல் செய்கிறோம். இங்கே உள்ள பல் டாக்டர்கள் எல்லாம் அச்செடுத்து அனுப்புவார்கள். பக்கத்து மேசை அக்கா மெழுகில் பல்லின் வடிவத்தைச் செதுக்குவார். எல்லாரும் அவரை மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் வேலை பீங்கான் மாவைக் குழைத்து, தூரிகையால் படலம் படலமாக ஏற்றி, சூளையில் வைப்பது. மூன்றே மில்லிமீட்டரில் ஒரு மனிதனின் சிரிப்பு இருக்கிறது.

இன்று ஒரு முன்பல் இரண்டு தடவை விரிசல் விட்டது. "கை இங்க இருக்கு, மனசு எங்க?" என்றார் மெழுகக்கா. சொன்னேன். இந்த ஊரில் முதல் முதலாக ஒரு ஆளிடம் முழுசாகச் சொன்னேன்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் நடக்காதது ஆகிவிடாது. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், எனக்கு வயிற்றில் ஏழாம் மாதம். காலையிலிருந்து கண் முன்னால் பூச்சி பறந்தது. மத்தியானம் வலிப்பு வந்ததாம், எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது மூன்று நாள் போயிருந்தது. வயிறு தட்டையாக இருந்தது. ஆண் பிள்ளை என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. டாக்டரம்மா அவரையும் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவைன்னா பிள்ளையும் தங்கறது கஷ்டம், நீயும் தங்கறது கஷ்டம். உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவளை வளருங்க."

அவர் தலையாட்டினார். நான் பார்த்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அத்தை போன் செய்தார்கள். இவர் பாப்பாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போயிருந்தார்.

கொஞ்ச நேரம் முட்டி வலியைப் பற்றிப் பேசிவிட்டு, "ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார்கள்.

"என்ன அத்தை?"

"இன்னொண்ணு பெத்துக்கலாம்னு இருக்கீங்களாமே. அவன் போன வாரம் சொன்னான். நீயும் சரின்னுட்டியாம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நான் சரின்னு சொல்லல அத்தை. என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு: "அந்த மூணு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தது நான். அவனில்ல. அவன் டீ குடிக்கப் போறேன் டீ குடிக்கப் போறேன்னு போயிட்டே இருந்தான். பயந்தவன் சீக்கிரம் மறந்துடுவான். நீ மறக்காத."

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். என் கதையில் புருஷன்தான் மெச்சவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

முதலாளியிடம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு, இரண்டு பஸ் மாறி, நாலு பத்துக்கே போய்ச் சேர்ந்தேன். பத்திரத்தின் நகல் நெகிழிக் கவரில். முன்மேசைப் பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"உங்க டைம் கேன்சல் ஆயிருக்கேக்கா."

"நான் பண்ணலையே."

"கார்டுக்காரர் நம்பர்லேருந்து பண்ணிருக்காங்க. பதினஞ்சாம் தேதி."

பதினைந்தாம் தேதி. அன்று அவர் எனக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

இன்று யாரையாவது பார்க்க முடியுமா என்றேன். கார்டுக்காரர் அனுமதி திரும்ப வேண்டுமாம். காசு கொடுத்துப் பார்க்கிறேன் என்றேன். டிபென்டன்ட் கார்டு இருப்பவர்களுக்கு அது வழி இல்லையாம். பாவம், அந்தப் பெண்ணின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நீங்க கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்கக்கா" என்று தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். வேறு என்ன செய்ய?

சாயங்காலம் பாப்பா குளிக்கப் போனதும் கேட்டேன்.

"கேன்சல் பண்ணது நீங்களா?"

"தள்ளித்தான் வச்சேன்."

"தள்ளி வச்சா தேதி இருக்கும். எந்தத் தேதி?"

போனை மேசையில் குப்புற வைத்தார். "இங்க ஆஸ்பத்திரியெல்லாம் ஊர் மாதிரி இல்ல. மொதல் நாள்லேருந்து பாத்துப்பாங்க. நான் விசாரிச்சுட்டேன். பாப்பாவுக்கு ஒரு துணை வேண்டாமா?"

"பாப்பாவுக்கு அம்மா வேண்டாமா?"

"எப்பப் பாத்தாலும் சாவுப் பேச்சு. கொஞ்சம் நம்பிக்கையோட இருக்கக் கத்துக்கோ."

நம்பிக்கை. யார் உசிரை வச்சு யார் நம்பறது? விசாரிச்சாராம். யார்கிட்ட விசாரிச்சார்? என்கிட்ட விசாரிச்சாரா? நான் போய்ச் சேர்ந்துட்டா அந்த நல்ல ஆஸ்பத்திரி வந்து என் பொண்ணுக்குத் தலை பின்னுமா? அடிக்கிற ஆளா இருந்தா யார்கிட்டயாவது காட்டலாம். இவர் காய் நறுக்கித் தர்ற ஆள். இதை எங்க போய்க் காட்டறது —

தலையணையை எடுத்துக்கொண்டு பாப்பா அறைக்கு வந்துவிட்டேன். "கதை சொல்லப் போறியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

கடைசி மாத்திரை.

பிப்ரவரி 26, திங்கள்

இந்த யோசனை மெழுகக்காவுடையது. "லேப்ல வேலைக்குச் சேரும்போது உனக்கும் கார்டு தர்றோம்னாங்கல்ல? நீ என்ன சொன்ன?"

வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் கார்டே போதும் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்ன ஞாபகம். என் வாய்க்குச் சீனி போட வேண்டும்.

முதலாளியிடம் போனேன். எதற்கு இப்போது என்று கேட்டார். தலைவலி வருகிறது, என் பேரில் ஒரு கார்டு இருந்தால் நல்லது என்றேன். பொய்யும் இல்லை. படிவத்தை நீட்டினார். "ஒரு மாசம் ஆகும். பழைய கார்டுல இருந்து உங்க பேரை எடுக்கணும். அதுக்கு அவர் கையெழுத்து வேணும்."

மறுபடியும் அவர் கையெழுத்து.

பிப்ரவரி 29, வியாழன்

கையெழுத்து கிடைத்தது. லேபில் இது கட்டாயமாம் என்றேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டார். அவர் ஏமாற்றியது போலவே நானும் ஏமாற்றினேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தாளில் மை காய ஊதிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, திங்கள்

எட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். படித்தது மூளைக்கு. வயிற்றுக்கு யார் சொல்வது?

இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு தடவை. அந்த வாரம் ஒரு நாள் மாத்திரையை நாலு மணி நேரம் தாமதமாக எடுத்தேனா, இல்லையா? கால் நரம்பெல்லாம் இழுக்கிறது. கண் முன்னால் ஏதாவது பறக்கிறதா என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே கடைக்குப் போனேன். பிள்ளை வராமல் தடுப்பதற்குத்தான் சீட்டு வேண்டும். வந்துவிட்டதா என்று பார்க்கும் குச்சிக்கு வேண்டாம். கடைக்காரர் சிரித்த முகமாகப் பையில் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 12, செவ்வாய்

ஒரு கோடுதான். லேப் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் மெழுகக்கா முகத்தைப் பார்த்தார். என் மேசையிலிருந்த நாலு பல்லை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மார்ச் 13, புதன்

குப்பையில் குச்சி டப்பாவை அவர் பார்த்திருக்கிறார். காலையில் முகமெல்லாம் வெளிச்சம். "என்ன, ஏதாவது விசேஷமா?"

"இல்ல."

வெளிச்சம் அணைந்தது. அதை எப்படி எழுதுவது? கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் அந்தப் பிள்ளை போனதுதானே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துக்கத்தை என் உடம்பில் ஏற்றி இறக்க நான் பாரவண்டி இல்லை.

மார்ச் 28, வியாழன்

கார்டு வந்தது. என் பெயர், என் பிறந்த தேதி, என் போன் நம்பர். பிள்ளை விளையாட்டுச் சீட்டு மாதிரி மெல்லிசாக இருக்கிறது.

மதியமே கிளினிக். அதே பெண். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "இப்ப மெசேஜ் உங்களுக்குத்தான்க்கா வரும்" என்று ரகசியம் போலச் சொன்னாள். பிறகு தயங்கி, "கல்யாணப் பத்திரம் மட்டும்…" என்றாள். அது இன்னும் வேண்டுமாம். கொடுத்தேன். அதில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். நூற்றைம்பத்தாறு, நூற்று இரண்டு. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒன்றரை வருஷம் ஆகிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஏசி பராமரிக்கிற கம்பெனியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யாத மெஷினுக்கு நான் பொறுப்பில்லை என்று தினமும் போனில் சொல்கிற மனிதர்.

டாக்டர் நடுவயதுக்காரி, நம் பாஷை இல்லை. பழைய ஆஸ்பத்திரித் தாள்களை வரி விடாமல் படித்தாள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். உங்கள் கணவருக்கு என்று கேட்கவில்லை. பழக்கமில்லாத கேள்வி.

அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினாள். அடுத்த வாரம் கையில் தோலுக்கடியில் சின்னக் கருத்தடைக் குச்சி ஒன்று வைப்பதாகச் சொன்னாள். மூன்று வருஷம். அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஒத்துக்கொள்ளுமாம். மறக்க முடியாது, நிறுத்த வேண்டுமென்றால் என்னால்தான் முடியும் என்றாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி நிதானமாகச் சொன்னாள்: "உங்களால் மட்டும்."

ஏப்ரல் 4, வியாழன்

வைத்தாகிவிட்டது. ஊசிதான் எரிந்தது. குச்சி போனதே தெரியவில்லை. சாயங்காலம் இடது கையால் தூக்க வேண்டிய வேலை எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 6, சனி

துணி உலர்த்தும்போது கை மேலே போனது. குச்சி வைத்த இடத்துக் கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன அது?"

சொன்னேன். எத்தனை வருஷம் என்பதையும், பிரஷர் எவ்வளவு என்பதையும் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். பாக்கலாம்னீங்க."

கையிலிருந்த துணிக் கிளிப்புகளைக் கூடையில் ஒவ்வொன்றாகப் போட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "பிரஷர் இவ்வளவு ஏறியிருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கே தெரியாது. பாத்தாத்தானே தெரியும்."

ஏப்ரல் 21, ஞாயிறு

அழுத்தம் இன்று நூற்று முப்பத்திரண்டு. பாப்பாவுக்கு நீச்சலில் மூன்றாம் நிலை கொடுத்திருக்கிறார்கள். ஈரத்தலையோடு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் அத்தையோடு போனில். "இல்லம்மா, இனிமே வேணாம்னு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம். அவ உடம்பு முக்கியமில்லையா? நான்தான் சொன்னேன், போய் டாக்டரைப் பாருன்னு."

குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் அதையே சொன்னார், இந்தத் தடவை இன்னும் தெளிவாக. ஒரு மாதம் போனால் அவரே நம்பிவிடுவார். பாப்பா வளர்ந்ததும் அவளிடமும் இப்படித்தான் சொல்வார், அப்பா அம்மாவை எவ்வளவு தாங்கினார் என்று.

போய்த் திருத்தலாமா? அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மீதிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது, "தலையணைய இங்க கொண்டு வரலாமே" என்றார், தட்டைப் பார்த்தபடி.

பாக்கலாம் என்றேன்.