எட்டாவது வரி

பேச்சைப் பாதியில் விட்டுப்போன என் அன்பு அப்பாவுக்கு,

உங்களை இண்டூர் கல்லறையில் வைத்து, மூன்றாம் நாள் பூசையும் முடித்து, இன்று காலை பஸ் ஏறித் தருமபுரி ஆபீசுக்கு வந்துவிட்டேன். "இன்னும் பத்து நாளு வூட்டுல இருந்தா என்னடி" என்று அம்மா கோபித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் அறையின் ஒரே சாவி என் பையில் இருந்தது. உங்கள் பேச்சு உள்ளே இருந்தது. நான் எப்படி வீட்டில் இருப்பது?

ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மக்கள் சொல்வதை, அவர்கள் சொன்னபடியே கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் டிரஸ்டின் வேலை. அதற்கான புரோகிராமை எழுதியது நான். முதலில் அது ஒரே ஒரு வரியைத்தான் வாங்கிக்கொண்டது. எந்த மனிதர் ஒரு வரியில் பேசி முடிக்கிறார்? பிறகு, எழுத்தே இல்லாத வெறும் வரி வந்தால் பேச்சு முடிந்தது என்று மாற்றினேன். யோசிப்பதற்காகச் சற்று நிறுத்தியவர்கள் எல்லாம் அதில் பாதியில் வெட்டுப்பட்டார்கள். கடைசியில்தான் புள்ளி. எத்தனை வெறும் வரி வந்தாலும் அது அடுத்த வரியின் எண்ணைக் காட்டிக் காத்திருக்கும். தனியாக ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டினால்தான் முடித்துக்கொண்டு டிஸ்கில் சேமிக்கும்.

இதை விளக்கியபோது நீங்கள் சிரித்தீர்கள். "ஏம் பாப்பா, மனுசன் வாய அடைக்க ஒரு புள்ளி போதுமா?"

பெண் என்னதான் வேலை செய்கிறாள் பார்க்கலாம் என்று வந்த உங்களை, நம் கிணற்றைப் பற்றிச் சொல்லச் சொன்னது நான்தான். நீங்கள் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். எப்போது வெட்டியது, எத்தனை அடி, எந்த வருஷத்திலிருந்து உப்பு. ஆறு வரி இப்படிப் போனது. ஏழாவது வரியில் நீங்களாகவே சொன்னீர்கள்: "நம்ம ரோசி அதுலதான் வுழுந்துச்சு."

தங்கச்சி போய்ப் பன்னிரண்டு வருஷமாக நம் வீட்டில் யாரும் சொல்லாத பேச்சு. அன்று நம் வயல்காட்டில் அவளோடு இருந்தது நீங்கள் ஒருவர்தான். ஐந்து வயதுப் பிள்ளை அத்தனை உயரச் சுவரை எப்படித் தாண்டினாள் என்று அம்மாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நீங்கள் மேசையில் விரலால் நான்கு தட்டுத் தட்டினீர்கள். வாய்க்கு வராத எதையும் சொல்லும்முன் உங்கள் வழக்கம் அது. அந்தச் சத்தம் கேட்டாலே வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். நானும் விரலை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தச் சொல்றேன். அதுக்குள்ள புள்ளி கிள்ளி வெச்சுடாத."

பத்து நிமிஷத்தில் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "அம்மா, உங்கப்பா பெஞ்சுல சாஞ்சுட்டாருங்க." அறையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். திரையில் எட்டு என்ற எண் அப்போது உங்களுக்காக நின்றுகொண்டிருந்தது.

இன்று கதவைத் திறந்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் கரண்ட் போகவே இல்லையாம். நம் ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதுகூடப் பரவாயில்லை அப்பா. எண் எட்டில் இல்லை. பதின்மூன்றில் நின்றது.

நடுவில் ஐந்து வெறும் வரிகள். யாரோ ஐந்து முறை என்டர் தட்டியிருக்கிறார்கள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "எலி மிதிச்சிருக்கும்மா. பத்து மணிக்கு லைன் வேலைன்னு கரண்ட நிறுத்தறாங்க. சீக்கிரம் முடிச்சு வைங்க."

கரண்ட் போனால் சேமிக்காத ஏழு வரியும் போய்விடும். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. புள்ளி வைத்தால் உங்கள் பேச்சை நானே முடித்த மாதிரி. வைக்காதே என்று நீங்கள் சொன்னதே கடைசி வார்த்தை. பத்து மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வைத்தேன். மன்னித்துவிடுங்கள் அப்பா.

அச்சடித்து எடுத்தேன். ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால், வரிக்கு எத்தனை எழுத்து என்று பக்கத்தில் எண் விழும்படி முன்பே செய்திருந்தேன். உங்கள் ஏழு வரியும் சரியாக வந்திருந்தன. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று: எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

பன்னிரண்டாவது வரியிலும் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் நான்கு என்று விழுந்திருந்தது. இடைவெளிக் கட்டையை அமுக்கினாலும் புரோகிராம் அதை ஓர் எழுத்தாகத்தான் எண்ணும். நான்கு தட்டு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

எலி எண்ணித் தட்டுமா அப்பா?

இப்போது கரண்ட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இதைக் கையால் எழுதுகிறேன். அடிக்கொருதரம் கீபோர்டைத் திரும்பிப் பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

மாலையில் கரண்ட் வந்ததும் புரோகிராமை மாற்றிவிடுவேன். புள்ளி வைத்து மூடியதையும் திரும்பத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி. உங்கள் பேச்சைத்தான் முதலில் திறப்பேன். பதின்மூன்று என்று எண் காட்டி நிற்கும். ரோசி விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கேட்டுக் கோபப்பட மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்த முறை நீங்களாக முடிக்கும்வரை நான் புள்ளி வைக்க மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
ரோசியின் அக்கா,
பிலோமினா