எண்பதில் ஓடும் என்று சொன்ன படகு

நேற்றுக் காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பால்கனிக் கொடியில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்டைத் துவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவை வீட்டில் முறைப்படி அறிவித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்தே, "நாறுது" என்று தன் கருத்தைத் தெரிவித்தாள். அதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டேன். ஜாக்கெட் அங்கேயே இருக்கிறது. ஆரஞ்சு நிறம், கடையில் கிடைத்ததிலேயே பெரிய அளவு, உன்னுடையது. கழிமுகச் சேறு, பெட்ரோல், நீ மார்பில் தடவிக்கொள்ளும் தைலம் மூன்றும் சேர்ந்து மணக்கிறது. செம்பூரில் இதைவிட மோசமான வாசனைக்கெல்லாம் மாதாமாதம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்கள்.

தாராவியில் பெல்ட் பட்டறை நடத்தி, பாதி ஆயுளைத் தொண்ணூறடி ரோட்டில் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் கழித்தவன் நீ. பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த சில மாதங்களில், ஒரு வழவழப்பான விளம்பரத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாய். யாரோ விற்கப்போகும் பழைய ஜெட் படகு.

"லே, ஆயுசுல ஒரு தடவையாவது முன்னால ஒருத்தனும் இல்லாம ஓட்டணும்லே."

நியாயமான கோரிக்கை. அதை நிறைவேற்ற மும்பையில் தரை மீதமில்லை என்பதால் கடலைத் தேர்ந்தெடுத்திருந்தாய். அந்தப் படகுக்கு அடியில் சுழலும் விசிறி கிடையாது. வயிற்றால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்துக்கொண்டு ஓடும். மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்று தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை நான் படித்துக் காட்டினேன்: ஒரே ஆள், அரை டாங்க் பெட்ரோல், அலையில்லாத தண்ணீர். பெண் பார்க்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் போட்டோவைப் போன்றதுதான் இந்த எண்பது என்றேன். என் போட்டோவையும் அப்படித்தான் அனுப்பினார்கள் என்று நினைவூட்டிவிட்டு, நீ போய்ப் படகை வாங்கிவிட்டாய்.

உன் மனைவி, எனக்கு மதினி, உன்னைத் திட்டவில்லை. என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்: "எண்பது தொட்டா வச்சுக்கிடுங்க. தொடலைன்னா வித்துரணும்."

முதல் நாள் டிராம்பே பக்கத்துப் படகுத்துறை ஜெட்டியில் நம் ஊர் முறைப்படி எல்லாம் நடந்தது. படகை ஏற்றி வந்த வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். தேங்காய். படகின் மூக்கில் முழம் முழமாகச் செவ்வந்தி மாலை. நீ, மதினி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், நான், இட்லி கேரியர், தண்ணீர் கேன், பாய். படகு இருபதைத் தாண்ட மறுத்தது. மீன்பிடிப் படகு ஒன்று நம்மை முந்திச் சென்றது; அதிலிருந்தவர் மரியாதையாகக் கையசைத்தார். நீ அங்கேயே விற்றவரைப் போனில் பிடித்து இந்தியில் விளாசினாய். ஜெட்டி மெக்கானிக் வந்து படகின் வயிற்றுக்குள் கையை விட்டு, மிச்சமிருந்த பூவோடு நைலான் நாரை உருவி எடுத்தார். மாலை நழுவி உள்ளே போயிருக்கிறது.

"சேட், யே போட் ஹை, பகவான் நஹீ," என்றார். இது படகாம், சாமி இல்லையாம்.

"சாமிக்குப் போட்ட மாதிரில்லா போட்டோம்," என்றாய் என்னிடம். நாரை எடுத்த பிறகு நாற்பத்தைந்து ஓடியது. அன்று இன்னொன்றும் தெரிந்தது: முடுக்கிப் பிடித்திருந்தால்தான் இந்தப் படகு திரும்பும். பயத்தில் கையை விட்டால் நேராகப் போகும். நீ கையை விட்டாய். நேராகச் சேற்றில் போய் நின்றோம்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் எடை குறைப்பு தொடங்கியது. முதலில் பாய் இறங்கியது. பிறகு தண்ணீர் கேன், பேரப்பிள்ளைகள், மகன், மருமகள். நீ, மதினி, நான், இட்லி கேரியர் என்று ஆனபோது ஐம்பத்திரண்டு வந்தது. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை. நூறு கிலோவைத் தாண்டிய உன்னை யாரும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். சொல்ல வேண்டியதை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாய். நான் கடலை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மதினிக்கே புரிந்துவிட்டது. கேரியரை எடுத்துக்கொண்டு ஜெட்டியில் ஏறி, "வாங்க கொழுந்தனாரே, நாம ரெண்டு பேரும் கூடுதல் சாமான்," என்றார்.

நீ தனியாகப் போனாய். படகு தண்ணீரின் மேல் எழும்பியது, சிறுத்தது, புள்ளியானது. பிறகு சத்தமும் இல்லை. மதினி கேரியரைக் கீழே வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றதற்கு, "வரட்டும்," என்றார்.

நீ திரும்பி வந்து எஞ்சினை அணைத்தாய்.

"எவ்வளவு?" என்றார் மதினி.

"எழுபத்து நாலு."

அங்கே மீட்டரைப் பார்க்க உன்னைத் தவிர யாரும் இல்லை. படகை இழப்பதற்கு வேண்டிய ஒரே சாட்சியத்தை நீயே கொடுத்துக்கொண்டிருந்தாய்.

"எண்பதுன்னே சொல்லியிருக்கலாம்லா," என்றார் மதினி.

"தோணலட்டி." ஜாக்கெட்டின் கொக்கியை அவிழ்க்க முடியாமல் தடுமாறினாய். "முன்னால ஒருத்தனும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன், பின்னாலயும் ஒருத்தனும் இல்ல. வந்துட்டேன்."

மதினி குனிந்து கொக்கியை அவிழ்த்துவிட்டு, கேரியரைத் திறந்தார். விற்பதைப் பற்றி அதன் பிறகு பேச்சு எழவில்லை. மழைக்காலம் போக மற்ற ஞாயிறுகளில் நாம் மூவர், கேரியர், ஐம்பத்திரண்டு. நீ அந்த விளம்பரத் தாளை இட்லிக்கு அடியில் விரித்துக்கொண்டாய்.

போன மழையில் உன் நெஞ்சுத் துடிப்பு நின்றது. படகு தார்ப்பாயின் அடியில் கிடந்தது. உன் மகன் விற்கலாம் என்று ஒருவரை அழைத்து வந்தான். எவ்வளவு ஓடும் என்று அவர் கேட்டதற்கு, "மூணு பேருக்கு அம்பத்திரண்டு," என்றார் மதினி. வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சென்ற ஞாயிறு மதினி என் கதவைத் தட்டினார். "சும்மா போட்டா எஞ்சின் கெட்டுரும், வாங்க கொழுந்தனாரே." என் ஜாக்கெட்டை எலி கடித்திருந்ததால் உன்னுடையதைக் கொடுத்தார். அதற்குள் நான் இரண்டு முறை நுழையலாம். மதினியே ஓட்டினார். ஜெட்டிக்கு அருகே திருப்பம் வந்தபோது நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடவில்லை.

அதே தண்ணீர், அதே கேரியர், வழக்கம்போல அரை டாங்க் பெட்ரோல். மீட்டர் அறுபத்தெட்டு காட்டியது.