எட்டு பெருக்கல் எட்டு

ஆவணி 12, வெள்ளி.

மகள் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. அடியில் எங்கள் இருவரின் செல் நம்பர். இவர் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிப் பார்த்தார். எனக்கும் எட்டு, அவருக்கும் எட்டு.

"எட்டு சனியோட நம்பர், கலா. திருநள்ளாறு பக்கத்துலயே இருந்துகிட்டு இதை அச்சடிக்கிறதா? நாளைக்கே ரெண்டு பேரும் நம்பரை மாத்திடுவோம்."

என்னுடையது பதினைந்து வருட நம்பர். விடுவேனா?

"தனித்தனியா ஏன் பார்க்கறீங்க? ரெண்டு பேரும் சேர்ந்துதானே அழைக்கிறோம். ரெண்டையும் பெருக்கிட்டு அப்புறம் கூட்டுங்க" என்றேன்.

நோட்டில் நானே பெருக்கினேன். அரை மணி நேரம் பிடித்தது. இருபது இலக்கம் வந்தது. அவர் விரல் விட்டுக் கூட்டினார். தொண்ணூற்றொன்று. அது பத்தாகி, பத்து ஒன்றானது.

"அட, ஒண்ணு! சூரியன் நம்பராச்சே!" உடனே அச்சகத்துக்குப் போன் போட்டு, அப்படியே அடிக்கச் சொல்லிவிட்டார்.

கூட்டினால் எட்டு வரும் எந்த இரண்டு எண்ணைப் பெருக்கிக் கூட்டினாலும் ஒன்றுதான் வரும். கணக்கு டீச்சர் நான், அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த இருபது இலக்கத்தையும் வெள்ளைத்தாளில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.