தானாகக் கழன்றதாகச் சொல்லப்படும் டிராக்டர் ஓஸ்

அனுப்புநர்:
ராக்கம்மாள், க/பெ. சங்கிலி (இறந்துவிட்டார்),
கீழக்குயில்குடி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மதுரை.

பொருள்: டிரெய்லர் தொட்டி நசுக்கி என் கணவர் இறந்ததை விபத்து என்று முடித்தது – மறுவிசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சங்கிலி எங்கள் ஊர் முத்துக்கருப்பனின் செங்கல் காளவாசலில் டிராக்டர் ஓட்டினார். நானும் அங்கேதான் மண் சலித்தேன். முத்துக்கருப்பனின் தம்பி காளை, கண்மாய்க் கரையை வெட்டி மண் ஏற்றச் சொன்னபோது என் கணவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். ஊரிலும் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடை முன்பு காளை அவரைச் செருப்பால் அடித்தார். “கரைக்கு நீதான் காவக்காரனாடா? அந்தத் தொட்டிக்கு அடியிலயே ஒன்னயப் பொதைக்கிறேன் பாரு” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

2. மறுநாள் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் போய்க் கிரீஸ் வைக்கும்படி சொன்னவரும் காளைதான். சத்தம் கேட்டு ஓடினேன். தொட்டியின் இரும்புச் சட்டம் என் கணவரின் நெஞ்சை வண்டியோடு சேர்த்து நசுக்கியிருந்தது. கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. டிராக்டரிலிருந்து தொட்டியைத் தூக்கும் ஜாக்கிக்கு எண்ணெய் போகிற ரப்பர் குழாய்தான் ஓஸ்; அதை டிராக்டரோடு இணைக்கும் பூட்டு கப்ளிங். காளை கழன்ற ஓஸைக் கையில் பிடித்தபடி, “கப்ளிங் கழண்டு போச்சு, நான் என்ன செய்ய?” என்றார். நான் மண்வெட்டியை ஓங்கிய பிறகே அதே ஓஸை மாட்டித் தொட்டியைத் தூக்கினார். ஒரே அழுத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குள் கால்கள் நின்றுவிட்டன.

3. கப்ளிங் கழன்றதால் தொட்டி விழுந்தது என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். கழன்றால் தொட்டி விழாது, ஐயா. போன மாசியில் என் கணவர் தொட்டியைத் தூக்கிய நிலையிலேயே டிரெய்லரின் கொக்கியை எடுத்துவிட்டு, ஓஸைக் கழற்ற மறந்து டிராக்டரை நகர்த்திவிட்டார். கப்ளிங் பிய்த்துக்கொண்டு வந்தது. தொட்டி அசையவில்லை. கப்ளிங்கின் இரண்டு பாதியிலும் உள்ளே ஒரு குண்டு இருக்கிறது. பிரிந்ததும் அது வாயை அடைத்து எண்ணெயை நிறுத்திவிடுகிறது. பழங்காநத்தத்திலிருந்து மெக்கானிக் அழகுமலை வந்து, ஜாக்கியின் மரையைத் தளர்த்தி எண்ணெயை வடித்த பிறகுதான் தொட்டி இறங்கியது. “தொட்டிய அந்தரத்துல விட்டுட்டு எங்கண்ணே கெளம்பிட்டீக?” என்று காளவாசலே சிரித்தது. காளையும் சிரித்தார். அவர் அதை மறந்துவிட்டார்.

4. டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லிவரை இறக்கினால்தான் அந்தத் தொட்டி இறங்கும். காளை லிவரை இறக்கிய பிறகு ஓஸைக் கழற்றியிருக்கிறார். இதை நிலையத்தில் சொல்லி வீடு திரும்பிய அன்றே காளையின் ஆட்கள் கதவை உடைத்து, என் கொழுந்தன் மொக்கைச்சாமியின் வலது கையைக் கடப்பாரையால் அடித்து முறித்தார்கள். அந்தப் புகாரை வாங்க மறுத்துவிட்டார்கள். டிராக்டரையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கப்ளிங்கை மாற்றிவிட்டால் எனக்கு வேறு சாட்சி இல்லை.

ஆகவே, டிராக்டரை ஓஸோடு உடனே கைப்பற்றும்படி வேண்டுகிறேன். அதே இடத்தில், தங்கள் முன்னிலையில் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, காளையின் கையாலேயே கப்ளிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் நான் படுத்துக்கொள்கிறேன். லிவருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி வையுங்கள்.

இடம்: கீழக்குயில்குடி
நாள்: 16.7.1984

வாசிக்கக் கேட்டுச் சரியென்று வைத்த
இடது பெருவிரல் ரேகை,
ராக்கம்மாள்