விலக்கு முடியும் தேதி

கணபதி, கோவை-6
8.11.2025, சனிக்கிழமை

அன்பு மகன் சசிதருக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, மருமகள் மானசா, பேரன் சாய்குமார் நால்வரும் காரமடை ரங்கநாதர் புண்ணியத்தில் சுகம். சுகம் என்றால் யாரும் படுக்கவில்லை என்று வைத்துக்கொள். உன் சுகத்தை மானசா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், உஸ்பெகிஸ்தானில் குளிர் ஆரம்பித்துவிட்டதாம், நீ காதை மூடிக்கொண்டு மில்லுக்குப் போகிறாயாம், நல்லது. கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அம்மாவுக்கு மூன்று நாளாகப் பல்வலி என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல். கூப்பிட்டுப் பேசலாம் என்றால் மெஷின் சத்தத்தில் சரிப்பா சரிப்பா என்கிறாய், எதற்குச் சரி என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நம் வீட்டில் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ், ஆகவே உன் அம்மா சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதும்போது காரம் கொஞ்சம் குறைந்திருக்கும், நீயே கூட்டிப் படித்துக்கொள். லீவு முடிந்து உங்கள் மில்லுக்குத் திரும்பும் ஃபிட்டர் ரைஹானிடம் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். ரைஹான் உனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவன், அதற்குள் இரண்டு தடவை ஊருக்கு வந்துவிட்டான் என்பதை உன் அம்மா அவனை உட்கார வைத்துக்கொண்டே சொன்னாள். பாவம், பையன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டான்.

விஷயம் சாயின் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ஜூன் மாதம் புதுத் தலைமையாசிரியை வந்திருக்கிறார், சாஜிதா பேகம் என்று பெயர், உக்கடத்துப் பக்கத்துக்காரர், நல்ல மாதிரி. பழைய தலைமையாசிரியர் வருசத்துக்கு ஒரு சுற்றறிக்கை விடுவார், அதுவும் ஆண்டு விழாவுக்கு. இந்த அம்மா இதுவரை பத்தொன்பது விட்டிருக்கிறார். பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருசம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால் எல்லாவற்றையும் துளை போட்டு ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன், உன் அம்மா அதை என் ஜாதகம் என்கிறாள். முதல் சுற்றறிக்கைப்படி பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுக்கக் கூடாது, அதற்குப் பதில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் தர வேண்டும், இதுவரை பதினேழு அகராதி வந்திருக்கிறதாம். நான்காவது சுற்றறிக்கைப்படி தண்ணீர் மணி, மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தார்கள். அடுத்த பாடவேளையில் வகுப்பு முழுக்க எழுந்து நின்று வெளியே போகணும் என்றதால், ஆறாவது சுற்றறிக்கையில் அதற்கும் ஒரு மணி வைத்துவிட்டார். பிள்ளையைக் கூட்டி வரப் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருக்க வேண்டும் என்பது எட்டாவது. என் போட்டோவை எடுத்த பையன் சிரிங்க என்றான், சிரித்தேன், அட்டையைப் பார்த்த வாட்ச்மேன் இது நீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

இந்த அம்மா எதையும் தானாகச் செய்வதில்லை, எல்லாம் பெற்றோர் குழுவில் வைத்துத்தான். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன், தகுதியால் அல்ல, தேர்ந்தெடுக்கிற அன்று சாயங்காலம் வேலை இல்லாத ஒரே ஆள் நான்தான். ஜூலைக் கூட்டத்தில் பையன்கள் தலைமுடி பற்றிப் பேச்சு வந்தது, காதையும் காலரையும் தொடக் கூடாது, தலையில் கோடு போட்டு வழித்துக்கொண்டு வரக் கூடாது என்றார்கள். யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்குதுங்களா என்று அந்த அம்மா கேட்டார். நம் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே மாற்றுக் கருத்து சொல்கிற வழக்கம் ஏது, எல்லாரும் திரும்பிப் பெரியவரான என்னைப் பார்த்தார்கள். ரொம்ப நல்லதுங்கம்மா, செஞ்சுபோடலாமுங்க என்றேன். பன்னிரண்டாவது சுற்றறிக்கை வந்தது, முன்மொழிந்தவர் திரு. சென்னகிருஷ்ணன் என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. மானசா அதைச் சத்தமாக வாசித்தாள், வாசித்துவிட்டுச் சாயைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் வீட்டில் அவன் தலையில் இருப்பதை முடி என்று யாரும் நினைப்பதே இல்லை, வேண்டுதல் என்றுதான் நினைப்பு. முடியைப் பற்றிய கூட்டத்தில் எனக்கு அவன் ஞாபகம் வரவே இல்லை.

அந்த வேண்டுதலை நீ பாதிதான் கேட்டிருப்பாய், அதனால் முழுதாக எழுதுகிறேன். நம்மூர் மில் மூடி நீ எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா காரமடைக்குப் போய், மகனுக்கு வேலை கிடைத்தால் பேரனுக்கு முடி வளர்த்து, அவன் அப்பன் மடியில் உட்கார வைத்து உன் சந்நிதியில் இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். முடியை மட்டும் சொல்லியிருந்தால் தொல்லை இல்லை, அப்பன் மடி என்று எதற்கடி சேர்த்தாய் என்று கேட்டேன். வேலை மட்டும் கேட்டால் வெளிநாட்டுக்குப் போய்விடுவான், திரும்பி வர ஒரு பிடி வேண்டாமா, அதனால் சேர்த்தே கேட்டேன் என்றாள். சாமியிடமே நிபந்தனை போடுகிற வீடு நம் வீடு. ரங்கநாதர் தன் பங்கைப் பதினெட்டு நாளில் முடித்துக்கொடுத்துவிட்டார். நீ போய் இந்த ஆகஸ்டோடு இரண்டு வருசம் ஆகிவிட்டது, முதல் வருசம் புது மெஷின் இறங்கியது, இரண்டாம் வருசம் பழைய மெஷின் நின்றது. அளந்து பார்த்தேன், முடி பதிமூன்றரை அங்குலம் இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் பதிமூன்றரை அங்குல முடியோடு படிப்பது சுலபமில்லை என்று தெரிகிறது. காலையில் மானசா அவனுக்குக் கொண்டை போட்டு அனுப்புகிறாள், தண்ணீர் மணிக்குள் அவிழ்ந்துவிடுகிறது, பக்கத்தில் உட்காரும் ஹாரிகா என்ற பெண் தன் ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டி விடுகிறாளாம். அந்தக் குழந்தையின் அம்மா வாரம் ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட் காணாமல் போகிறது என்று என்னிடம் வந்து விசாரித்தார், ஏனுங்க தாத்தா, உங்க பேரனுக்குச் சடை பின்னப் பழக்கி உட்டுருங்களே, எங்க ஊட்டு ரப்பர் பேண்டாவது மிஞ்சும் என்றார். கோ-கோ போட்டியில் எதிரணிப் பையனின் கை இவன் முடியில் பட்டுவிட்டது, முடி உடம்பில் சேர்த்தியா இல்லையா என்று பத்து நிமிடம் ஆட்டம் நின்றது, சேர்த்திதான் என்று தீர்ப்பாகி இவன் அவுட். விளையாட்டு ஆசிரியர் முகமது ரியாஸ் திங்கள்கிழமைதோறும் வாசலில் ஸ்கேலோடு நிற்கிறார், சாய் வந்தால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பாராம். எத்தனை திங்கள்கிழமைதான் ஒரு மனிதர் வேறு பக்கம் பார்ப்பார். என் பிள்ளைக்கு மட்டும் என்னங்க சட்டம், அவனுக்கு மட்டும் என்னங்க சலுகை என்று மற்ற பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், என்னிடம்தான் கேட்டார்கள், முன்மொழிந்தவன் நான்தானே.

தீபாவளி கழிந்து சாஜிதா பேகம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சார், வேண்டுதல்னா நான் கை வைக்க மாட்டனுங்க, எங்க ஊட்டுலயும் நேர்ச்சை உண்டுங்க என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு விலக்குப் படிவம் தயார் செய்திருப்பதாக எடுத்துக் கொடுத்தார். மத காரணங்களுக்கான விலக்கு, மாணவர் பெயர், வகுப்பு, மாணவர் தம் கைப்பட எழுத வேண்டிய காரணம், கடைசியாக விலக்கு முடியும் தேதி. தேதியைப் பெற்றோர்தான் நிரப்ப வேண்டும், தாத்தா கூடாது. அடுத்த வருசம்னாலும் சரிங்க, ஒரு தேதி இருந்தா நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்குவேன், அரையாண்டுப் பரீட்சைக்குள்ள குடுத்துருங்க, இல்லாட்டி எனக்கு வேற வழி இல்லீங்க என்றார். நியாயமான பேச்சு. மானசா அன்றிரவே உன்னைக் கேட்டாள், பார்த்துச் சொல்றேன் என்றாயாம். மறுபடி கேட்டாள், மாசிக்குள் முயற்சி பண்றேன் என்றாயாம். அந்தக் கட்டம் ஒன்றரை அங்குல அகலம்தான், அதில் முயற்சி பண்றேன் என்று எழுத இடமில்லை.

பிறகு நான்தான் யோசனை பண்ணிக் காரமடைக்குப் போய்ப் பட்டரைக் கேட்டேன். மகன் வர முடியாத நிலைமை என்றால் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாத்தா மடியில் வைத்தே இறக்கலாம், பெருமாள் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நான்காம் நாள் பேரன் படிப்பு முக்கியம் என்று சம்மதித்தாள். போன சனிக்கிழமைக்கு ஏற்பாடு, காரும் சொல்லியாகிவிட்டது. விடிந்து பார்த்தால் சாய் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டான். நான் கூப்பிட்டேன், மானசா கூப்பிட்டாள், உன் அம்மா திட்டினாள், உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான். மொட்டை அடிக்கக் கூச்சப்படுகிறான், பள்ளியில் கேலி செய்வார்கள் என்று பயப்படுகிறான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். முடி வைத்திருந்ததற்குக் கேலி செய்த பிள்ளைகள் முடி எடுத்தால் ஒரு வாரம் கேலி செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று கதவுக்கு வெளியே நின்று பெரிய நியாயமெல்லாம் பேசினேன். பதினோரு மணிக்குக் காரைத் திருப்பி அனுப்பினோம்.

திங்கள்கிழமை சாஜிதா பேகம் மறுபடி கூப்பிட்டார். சாய் தன் பங்குக்குப் படிவத்தை நிரப்பி, எங்கள் யாரிடமும் காட்டாமல் நேரே அவரிடம் கொடுத்திருக்கிறான். காரணம் என்ற இடத்தில் வேண்டுதல் என்று எழுதியிருப்பான் என்று நினைத்துத்தான் வாங்கிப் படித்தேன். முடி எடுத்துட்டா எங்க அப்பாவுக்கு ஊருக்கு வர வேலை இல்ல, அதனால வளக்கறேன் என்று எழுதியிருந்தான். பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன், அதேதான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது சசி, ஒரு பள்ளிக்கூட அறையில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா இரண்டு வருசத்துக்கு முன்னால் ரங்கநாதரிடம் போட்ட கணக்கைத்தான் இந்தப் பையன் தன் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான், கேலியையும் ஸ்கேலையும் பொறுத்துக்கொண்டு. சாஜிதா பேகம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, சார், தேதிக் கட்டத்த நானே அடிச்சுபோடறனுங்க, பையன் இப்படியே வரட்டும், கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன் என்றார். வேண்டாமுங்கம்மா, அந்தக் கட்டம் இருக்கட்டுமுங்க என்றேன். இந்த ஊரில் நான் ஒருவர் முகத்துக்கு நேரே மாற்றுக் கருத்து சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தப் படிவத்தின் அசலை இதோடு வைத்திருக்கிறேன். அவன் எழுதியதை வீட்டில் இன்னும் யாருக்கும் காட்டவில்லை, மானசாவுக்குக்கூட. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, நீ அங்கே குளிரில் நிற்பது இவர்களுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும், எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, அதைப் போனில் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். வர முடியும் என்றால் தேதியை எழுது. வர முடியாது என்றால் அதையும் அந்தக் கட்டத்திலேயே எழுதி, எதற்கு முடியாது என்று தனியாக அவனுக்கு ஒரு கடிதம் போடு. அதை அவனுக்குப் படித்துக் காட்டும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடாதே.

நல்ல தேக ஆரோக்கியத்தோடும் மன நிம்மதியோடும் நீ இருக்க வேண்டும், ரங்கநாதர் கூடவே இருப்பார். காதில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், பருப்புப் பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. ரைஹான் உன் எதிரில் இருக்கும்போதே கட்டத்தை நிரப்பி, படிவத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பும்படி அவனிடம் சொல். ஒன்று மட்டும் ஞாபகம் வை, சாய் பேனாவால் எழுதியிருக்கிறான், நீயும் பென்சிலால் எழுதாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சென்னகிருஷ்ணன்