கோட்டுக்கு வெளியே நின்ற கால்

ரியோனி ஆற்றங்கரை,
ஜனவரி 3

அன்பு மகள் தெக்லாவுக்கு,

வெற்றி உண்டாகட்டும். தெருவில் யாரைப் பார்த்தாலும் நாம் சொல்லும் வார்த்தைதான், ஆனால் இந்த வருடம் இதை எழுதவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, காரணம் உனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லைப்சிக் குளிரில் நீயும் அப்படியே இருப்பதாக நம்புகிறேன். இருமல் போய்விட்டது என்று போனில் சொன்னாய், உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. வெந்நீரில் தேன் கலந்து குடி, மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் குடி. அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் நான் இருக்கிறார் என்றேன். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார், அதற்கு மேல் என்ன சொல்ல? அதனால்தான் நாளைக்கு லைப்சிக்குக் கிளம்பும் வேனில் பொட்டலத்தோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

கடைசி ஆட்டத்தில் தோற்று, அப்பா பயிற்சி கொடுக்கும் நம் ஊர்க் கால்பந்து அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதை நீ செய்தியில் படித்திருப்பாய். அதில் எழுதாதது ஒன்று உண்டு. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கிடைத்த பெனால்டியை நம் அணிப் பையன் ராத்தி கம்பத்தில் அடித்தான், விசில் ஊதியதும் அவன் அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான், அப்பா போய்த் தன் கோட்டைக் கழற்றி அவன் தலையில் போட்டார், காமிராக்காரர்கள் முகத்தை எடுக்காமல் இருக்க. வீட்டுக்குச் சட்டையோடு நனைந்து வந்தார். கிளப் தலைவர் அடுத்த வருடமும் இருக்கச் சொல்லியிருக்கிறார், பதினாலாம் தேதி, பழைய காலண்டர்ப்படி வரும் புத்தாண்டு முடிந்ததும் பயிற்சி தொடங்க வேண்டும். ஆனால் உன் அப்பா ருஸ்தாவி கார் சந்தையில் இருக்கும் கியா சித்தப்பாவிடம் போய் நிற்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டார். கியாவுக்கு, வாங்க வருகிறவர்கள் பார்த்ததும் அட நீங்களா என்று சிரித்துக்கொண்டு பழைய டொயோட்டாவை வாங்கிப் போகும்படியான முகம் ஒன்று வேண்டுமாம். புத்தாண்டு கழிந்ததும் சரி என்று போன் செய்வதாக ஏற்பாடு. நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அந்த ஆட்டத்தில் எப்போதும் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் பழைய காருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் படிப்பு முடித்து இந்த ஊர் வானிலை நிலையத்துக்கு வந்த புதிதில், பாதி நாள் கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில், ஒரு ஆள் மாடியேறி வந்து ஞாயிற்றுக்கிழமை மழை வருமா என்று கேட்டான். பத்துக்கு ஆறு வாய்ப்பு என்றேன். "வருமா வராதா, அதைச் சொல்லுங்க, எனக்குச் சேறு வேணும்" என்றான். அதுதான் உன் அப்பா. மழை வந்தது, அந்த ஆட்டத்தில்தான் ஊரே இன்றைக்கும் பேசும் அந்தக் கோல். ரொட்டிக்கடை ஸியாலா சொல்லும் கணக்கில் அந்தப் பந்து ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து பறக்கும், போன கோடையில் அது ஆற்றுப் பாலத்திலிருந்து கிளம்பியது. உன் அப்பா மட்டும் எப்போதும் ஒன்றே சொல்வார், "குட்டையில தண்ணி பந்த நிறுத்துச்சு, கோல்கீப்பர் வழுக்கிட்டுப் போயிட்டான், நான் தட்டினேன், அவ்வளவுதான்." நான் அவரைக் கட்டிக்கொண்டது கோலுக்காக இல்லை, இந்த வாக்கியத்துக்காக.

அதற்குப் பிறகு வந்த புத்தாண்டில்தான் ஸியாலா அவரைத் தன் வீட்டில் முதல் கால் வைக்கக் கூப்பிட்டாள். புத்தாண்டில் முதலில் வாசலை மிதித்து உள்ளே வருபவரின் ராசிதான் அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க என்று நம் ஆட்கள் நம்புவார்களே, கோல் போட்ட கால், ராசியான கால் என்று கணக்கு. அந்த வருடம் அவள் அடுப்பு நன்றாக எரிந்தது, புருஷன் ரஷ்யாவிலிருந்து திரும்பி வந்தான், முடிந்தது, தெரு முழுக்க அந்தக் காலுக்குப் போட்டி. சைப்ரஸில் ஆடிய இரண்டு வருடமும் டிசம்பர் விடுமுறைக்கு வந்து இறங்கியதும் பெட்டியை வைக்க விடாமல் பிடித்துக்கொள்வார்கள். முழங்காலை அறுத்துத் தைத்து இனி ஆட முடியாது என்றான பிறகும் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும், துணைப் பயிற்சியாளராக இருந்தபோதும், அணியே அவர் கைக்கு வந்தபோதும் ஒன்றாம் தேதி காலை நம் தெருவில் முதலில் நடப்பது அவர்தான். காலுக்கும் வருடத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் வருடா வருடம் சொல்வேன், "நீ சொன்ன மழை மட்டும் வந்துடுதாக்கும்" என்பார்.

இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் மரம் வாங்கும் நாளிலேயே ஸியாலா வேலிக்கு மேலே தலையை நீட்டி "முதல்ல என் வீடு, சொல்லிட்டேன்" என்று கத்துவாள் அல்லவா, இந்த வருடம் வேலிப் பக்கம் அவள் சத்தமே இல்லை. உன் அப்பா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மதியம் எப்போதும்போல் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், போட்டுவிட்டு அதைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் வான்கோழிக்கு அக்ரூட் அரைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றிலும் நம்பிக்கையில்லாத எனக்கு அந்த நிமிடம் இந்தத் தெரு முழுவதன் மேலும் வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது. போய் ஸியாலாவிடம் கேட்கலாமா என்று ஏப்ரனைக்கூட அவிழ்த்தேன், பிறகு மறுபடி கட்டிக்கொண்டேன்.

ஒன்றாம் தேதி விடிந்த பிறகும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் காப்பி போட்டேன். கேட்டை யாரோ காலால் உதைக்கும் சத்தம். திறந்தால் ஸியாலா, தலையில் துண்டு, முழங்கை வரை மாவு, அவளுக்குப் பின்னால் நடுத்தெருவில் அவள் தம்பி நோதார் ஒரு பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிரில் நின்றான். உள்ளே வாங்க என்றேன். "நான் வரமாட்டேன். என் காலு ஆணி பிடிச்ச காலு, நான் வந்தா உங்க வருஷம் நொண்டியாப் போயிடும். அவனக் கூப்பிடு. கூடப் பிறந்தவனையே வாசல்ல நிறுத்தி வச்சிருக்கேன், பானை ஆறுது" என்றாள். உன் அப்பா பைஜாமாவோடு வந்து நின்றார். வேறு யாரையாவது கூப்பிடுங்கள் அக்கா என்று தரையைப் பார்த்துச் சொன்னார், என் காலின் ராசிதான் தெரிந்துவிட்டதே, அணி இறங்கிவிட்டது என்றார். ஸியாலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டா தெமூர், அணி உன் காலாலயா ஆடிச்சு? பதினோரு கழுதைங்க காலால ஆடிச்சு. உன் காலு கோட்டுக்கு வெளியிலதானே நின்னுச்சு! உள்ள போயிருந்தா அணி இறங்கியிருக்குமா?" பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கேட்டா வேணாம்னுடுவியோன்னு பயந்துதான்டா கேக்கல. கேக்காம இருந்தா நீயா வந்துடுவேன்னு நெனச்சேன். சீக்கிரம் வா, மாவு பொங்குது" என்றாள். தெருவிலிருந்து நோதார், "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், குளிர்ல எனக்கு விரல் இருக்கான்னே தெரியல" என்று கத்தினான்.

பைஜாமாவுக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு, பாலிஷ் போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் வாசலில் வலது காலைத் தூக்கினார், அந்த முழங்கால் சரியாக மடங்காது, அதனால் கொஞ்ச நேரம் கால் அந்தரத்திலேயே நின்றது. ஆட்டத்தில் பந்து கோல் பக்கம் போகும்போதெல்லாம் கோட்டோரம் நின்று அவர் காற்றை உதைப்பாரே, நீ பார்த்துச் சிரிப்பாயே, அதே கால். பிறகு உள்ளே வைத்தார். உள்ளே அவர்கள் போட்ட சத்தம் இங்கே வரை கேட்டது.

அங்கிருந்து இன்னொரு வீடு, அங்கிருந்து இன்னொன்று என்று இழுத்துக்கொண்டு போனார்கள், மதியம்தான் திரும்பினார். கோட்டுப் பை முழுக்கக் கோசினாக்கி மிட்டாய், தேன் உருகி அக்ரூட்டெல்லாம் துணியில் ஒட்டி, அதைத் துவைத்துத் துவைத்து எனக்குக் கை போயிற்று. வாசலிலேயே நின்று, யாராவது வந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் மேல்வீட்டுப் பெண் நானா உப்பு கேட்டு வந்தாள், வாசலுக்கு வராதே என்று சொல்லி ஜன்னல் வழியாகக் கொடுத்தனுப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ போனில் கேட்கக் கூடாது. அவர் வலது காலைத் தூக்கி, "காலெடுத்து வைக்கிறேன், கடவுள் உங்களைக் காக்கட்டும், கால் என்னுடையது, தடம் தேவதூதனுடையது" என்று முழுவதும் சொல்லி உள்ளே வந்து, நான் பெருக்கி வைத்திருந்த தரையில் மிட்டாயை வாரி இறைத்தார்.

பிறகு போனைக் கொடு என்றார். கியாவுக்குத்தான் என்று நினைத்து அடுப்படிக்குப் போய்விட்டேன். காதில் விழுந்தது இதுதான். "டேய் ராத்தி, தூங்கினது போதும். பதினஞ்சாம் தேதி காலையில மைதானத்துல இரு. பெனால்டி மட்டும்தான், கால் வீங்குற வரைக்கும். என் கோட்டு? அத நீயே வச்சுக்கோ, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு, அதுல ஒரே தேனு." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, இன்னிக்கு வீட்டுக்குள்ள எந்தக் காலை வச்சு வந்த?" என்று கேட்டார். என்ன பதில் வந்ததோ, சத்தமாகச் சிரித்தார், அந்தப் பெனால்டிக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. கியாவுக்கு அப்புறம்தான் போன் போனது, கார்களை நீயே விற்றுக்கொள் என்று. இரண்டாம் டிவிஷனில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, பத்துக்கு நாலு என்பேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பொட்டலத்தில் கோசினாக்கி, புளிப்புப் பிளம் குழம்பு ஒரு பாட்டில், உனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. பாட்டிலைப் பார்த்துப் பிரி. நன்றாகச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமையாவது சீக்கிரம் தூங்கு, யாரோடும் மனக்கசப்பு வேண்டாம். கடவுள் என்று ஒருவர் இருந்தால் உன்னை அவர் கையில் ஒப்படைக்கிறேன், இல்லாவிட்டாலும் என் நினைப்பு எந்நேரமும் உன்னோடுதான். ஒன்றை மறக்காதே. பதினாலாம் தேதி, பழைய புத்தாண்டுக் காலையில், வேலைக்குப் போகும் முன் அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் செய். கதவைத் திறந்து போனை அறைக்குள் நீட்டிப் பிடி, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்வார். அவர் கால் அவ்வளவு தூரம் எட்டாது, குரல் முதலில் போகட்டும். அதன் பிறகு நீ போ, வலது காலை வைத்து. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அதற்கு முன் வேறு யாரையும் உள்ளே விடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா இர்மா